ஓடும் வண்டியைத் தட்டியவன்

நாமக்கல்லில் லாரியையும் மனிதனையும் ஒரே விரல்முட்டியால் தட்டிப் பார்த்துத் தரம் சொல்லக்கூடியவர் ரிவிட்டு ஒருவர்தான். அந்த மனிதரைப் பேச்சின் பாதியில் வாயடைத்து உட்கார வைத்தவன் நான். முப்பத்தைந்து ஆண்டு தமிழாசிரியர், ஓய்வுக்குப் பின் எங்கள் பேச்சாளர் மன்றத்தின் தலைமை விமர்சகர். வேறு யாரால் முடியும்?

மன்றம் ஞாயிறு காலைகளில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் கூடும். ரிவிட்டு, திருச்செங்கோடு சாலையில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். தகடு பிணைக்கும் ரிவிட்டு ஆணியே பட்டப்பெயராகிவிட்டது; சொந்தப் பெயர் ஏதோ இருந்தது. வருகைப் பதிவேட்டில்கூட ரிவிட்டு என்றே கையெழுத்திடுவார். நாற்காலியைத் தட்டிப் பார்த்துத்தான் உட்காருவார். முதல் நாள் கைகுலுக்கிவிட்டு என் தோளையும் தட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்கு உறுத்தல்.

விமர்சனமும் பட்டறை பாஷையில்தான். ஒரு பேங்க் மேனேஜர் பேசி முடித்ததும் எழுந்தார். "கேபின் அம்சமா இருக்குதுங்க. சைடு பலகையும் கெட்டி. பின்கதவு மட்டும் சாத்தலீங்க. சரக்கெல்லாம் ரோட்டுல கொட்டிப்போச்சு."

முடிவுரை சரியில்லை என்பதை நான் பத்து நிமிடம் விளக்கியிருப்பேன். மேனேஜர் அடுத்த வாரமே பின்கதவைச் சாத்திவிட்டார். என் விமர்சனத்தால் தேறியவர் யாரென்று யோசித்தால், மன்றத்தை விட்டு நின்றவர்கள்தான் ஞாபகம் வருகிறார்கள்.

என் ஆயுதம் ஓர் எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும். பேசுபவர் "வந்து", "அதாவது" என்று இழுத்தால் ஒரு டிங். என் சொந்தக் கண்டுபிடிப்பு என்பதில் பெருமை வேறு.

ரிவிட்டு எங்களிடம் சேர்ந்ததே மகள் கல்யாணத்துக்காக. "சம்பந்தி ஊட்ல பூரா வாத்தியாருங்க, வக்கீலுங்க சார். வரவேற்புல மைக்க நீட்டுனா எம்புள்ளையப் பத்தி நாலு வார்த்த நாந்தான் சொல்லோணும். தாயில்லாத புள்ள சார்."

அந்த நாலு வார்த்தையை ஒரு ஞாயிறு எங்கள் முன் ஒத்திகை பார்த்தார்.

"எம்புள்ள வந்துங்க..." டிங். "மூணாப்பு படிக்கறப்ப வந்துங்க..." டிங். கூட்டம் சிரித்தது. சிரிப்பு கேட்டதும் என் கைக்கு வேகம் கூடியது. பதினேழாவது டிங்கில் நிறுத்தினார். கும்பிட்டார். உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்து எட்டுக் குறைகள் சொன்னேன். நிறையும் சொல்ல வேண்டுமே என்று, சட்டை நன்றாயிருப்பதாகச் சொன்னேன்.

மூன்று ஞாயிறு அவர் வரவில்லை. பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: "கல்யாணத்துல மச்சான் பேசிக்குவாருங்க."

மறுநாளே பட்டறைக்குப் போனேன். வெல்டிங் பொறிகளுக்கு நடுவே, முறையான முன்னுரையுடன் மன்னிப்புக் கேட்டேன். பொறுமையாகக் கேட்டவர், "கேபினே பன்னெண்டு அடி போட்டுட்டீங்க சார். மன்னிப்பு எங்கீங்க?" என்றார்.

"தப்புப் பண்ணிட்டேனுங்க."

"இது போதுங்களே." பக்கத்தில் நின்ற லாரியை விரல்முட்டியால் தட்டினார். "நானுந்தான் பொழுதன்னிக்கும் தட்டறேன். நிக்கற வண்டியத்தானுங்க தட்டுவம். ஓடற வண்டியத் தட்டுனா டிரைவர் பயந்துக்குவானில்லீங்க?"

முப்பத்தைந்து ஆண்டு வகுப்பறையில் எனக்கு இது தோன்றவே இல்லை.

டம்ளர் சமையலறைக்கே திரும்பியது. தினமும் காலையில் பட்டறைக்குப் போய், ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து அவர் பேச்சை முழுக்கக் கேட்டேன். வண்டி நின்ற பிறகுதான் வாயைத் திறப்பேன். அதுவும் ஒரே ஒரு குறைக்கு. "அப்ப நீங்களே பேசறீங்களா?" என்று கேட்டால், "பாப்பமுங்க" என்பார்.

வரவேற்பன்று மைக்கை மச்சானிடமிருந்து அவரே வாங்கினார். இரண்டாம் வரிசையில் நான் இரு கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன்.

"எம்புள்ள..." என்றார். பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. வக்கீல்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மணப்பெண் தலை குனிந்தாள். ரிவிட்டின் கண்கள் கூட்டத்தில் தேடி என்னைக் கண்டுபிடித்தன. உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தேன்.

"வந்துங்க..."

முகம் மலர்ந்தது. "வந்துங்க, மூணாப்பு படிக்கறப்பவே எஞ்சோத்து டப்பாவ இவதானுங்க கட்டிக் குடுப்பா..."

அப்புறம் வண்டி நிற்கவில்லை. பின்கதவும் பிசகில்லாமல் சாத்திக்கொண்டது. மேடையிலிருந்து இறங்கியவர் நேரே வந்து என் தோளைத் தட்டிக் ஓசையைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இப்பக் கெட்டியா இருக்குதுங்க சார்."

அன்று மொத்தம் எத்தனை "வந்துங்க" என்று எனக்குத் தெரியாது. முதல் ஒன்று மட்டும் என்னுடையது.