படத்தில் முதலாளி எங்கே?

செங்கல்பட்டு
12.7.2006

அன்புள்ள மாப்பிள்ளை பரணிதரன் அவர்களுக்கு,

மாமனார் ராஜாராம் எழுதுவது. நாங்கள் சௌக்கியம், வேன்கள் இரண்டும் சௌக்கியம். பெங்களூரில் நீங்களும் ரேணுகாவும் சௌக்கியமாக இருக்க வேதகிரீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். வீட்டுப் போனில் பேசினால் உங்கள் அத்தை வசந்தா காதில் விழும், ஆபீஸ் போனில் எஸ்.டி.டி. இல்லை. அதனால்தான் கடிதம்.

சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் வந்திருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனி, மாமல்லபுரத்திலிருந்து ஆட்களை ஏற்றிவரும் கான்ட்ராக்ட்டுக்கு நம் டிராவல்ஸ் நடக்கும் விதத்தை எழுதித் தரச் சொன்னதும், ஒரு நிறுவனம் நடக்கும் விதத்தைப் படமாகப் போடும் 'என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்'தான் என் வேலையே என்று நீங்கள் படம் வரைந்து கொடுத்தீர்கள். கம்பெனிக்கு ஒன்று, டிரைவர்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஒரே டிராவல்ஸுக்கு எதற்கு மூன்று படம் என்று அன்றைக்கே குழம்பினேன். "யாருக்கு எது தெரியணுமோ அது மட்டும் போதும் மாமா" என்றீர்கள். மாப்பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டிவிட்டு, மூன்றில் அழகாக இருந்ததைக் கம்பெனியில் கொடுத்தேன். அது டிரைவர் படமாம். அங்கே ஷபானா என்ற மேனேஜர் அம்மா, "பூஞ்சேரி டீக்கடைல வண்டி தினமும் நிக்குமா சார்?" என்று கேட்டார். டீ நன்றாக இருக்கும் என்றேன். வெள்ளிக்கிழமைக்குள் சரியான படம் வராவிட்டால் கான்ட்ராக்ட் இல்லையாம். இங்கே நான் மாற்றிக் கொடுத்த கம்பெனிப் படத்தை வாங்கிய டிரைவர் சின்னராசு, "இன்னா மொதலாளி, ரெண்டு வண்டியும் கீது, என் பேரு மட்டும் காணோம்? வேலைய வுட்டுத் தூக்கிட்டியா?" என்று சாவியை மேசையில் வைத்துவிட்டான். வசந்தா வந்து பேசின பிறகுதான் எடுத்தான்.

அதை விடுங்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எல்லா அம்புக்குறியும் வசந்தா என்ற கட்டத்துக்கே போகிறது. வண்டி பழுதா, வசந்தா. டிரைவர் லீவா, வசந்தா. எனக்கென்று கொடுத்த படத்திலேயே நான் ஓர் ஓரத்தில் இருக்கிறேன், என்னிடமிருந்து ஒரு கோடுகூட எங்கும் போகவில்லை. இருபது வருஷமாக பஸ் ஸ்டாண்டு ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறேன் மாப்பிள்ளை. போன் வரவில்லை என்றால் வேலை ஒழுங்காக நடக்கிறது என்றுதானே அர்த்தம்? மனசு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. தயவுசெய்து என்னை நடுவில் போட்டுத் திருத்தி அனுப்புங்கள், அதைத்தான் கம்பெனியில் கொடுப்பேன்.

ரேணுகாவுக்கு என் ஆசிகள். உங்கள் தாயார், தகப்பனாருக்கு வணக்கம்.

இப்படிக்கு,
ராஜாராம்
(முதலாளி)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன், இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்கலாமென்று கம்பெனிக்குப் போன் போட்டேன். "சரியான படத்த வசந்தா மேடம் காலைலயே குடுத்துட்டாங்களே, கான்ட்ராக்ட்டும் ஆயிடுச்சு. நீங்க யார் பேசறது?" என்றார் ஷபானா அம்மா. முதலாளி என்று சொல்ல வாய் வரவில்லை. வசந்தாவின் வீட்டுக்காரர் என்றேன். அதற்கப்புறம் ரொம்ப மரியாதையாகப் பேசினார். படத்தைத் திருத்த வேண்டாம்.