நான் முருகனாக இருந்த அரை மணி நேரம்

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அதிகம் கோபப்படுகிற ஆள். பேசாமல் இருப்பதால் பொறுமைசாலி என்று ஊரில் ஒரு பேர் இருக்கிறது. சுத்தப் பொய். உள்ளே கொதிக்கும், வெளியே மூடி போட்டிருக்கும். அந்த மூடி ஒரே ஒரு தடவை திறந்தது. அதுவும் என் பெண்டாட்டி பரீட்சையில்.

ஒன்பதாவது வரை படித்தேன். நல்லம்பள்ளியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். போர்வெல் மோட்டார் புகைந்துபோனால் என்னிடம் வரும். மோட்டார் பேசாது. அதனால் எனக்கும் அதற்கும் ஒத்துப்போகும்.

என் மனைவி கோமதி எம்.ஏ., பி.எட். தனியார் பள்ளியில் டீச்சர். பிள்ளைகள் அவளிடம் வந்து அழும். அதைப் பார்த்த தாளாளர், ஆலோசகர் படிப்பு முடித்துவிட்டு வா, அந்த வேலை உனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். முதுநிலைப் பட்டயப் படிப்பு. தருமபுரியில் சனி, ஞாயிறு மட்டும் வகுப்பு. இரண்டு வருடம்.

இரண்டு வருடமும் என்னை வைத்துத்தான் பழகினாள். சட்னியில் உப்பு இல்லை என்பேன். "உப்பு இல்லாதது உங்களுக்கு ஏமாத்தமா இருக்கு" என்பாள். ஆமாம் என்பேன். முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டுவாள். உப்பு மட்டும் வராது.

படிப்பின் கடைசியில் ஒரு செய்முறை. உறவில்லாத ஒருவரைக் கூட்டிவந்து எதிரே உட்காரவைத்து, அவர் கஷ்டத்தை முறைப்படி கேட்க வேண்டும். பேராசிரியை மூலையில் உட்கார்ந்து மார்க் போடுவார். சொந்தக்காரர் என்றால் செல்லாது. இதில் தேறினால்தான் கடைசிப் பரீட்சை எழுத விடுவார்கள். தேறாவிட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். பள்ளியில் அந்த வேலை ஆறு மாதம் காத்திருக்குமா என்று யாருக்கும் தெரியாது. கோமதி ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் தெரு செல்வியக்கா வருவதாக ஒத்துக்கொண்டிருந்தார். சொந்தமில்லை, பக்கத்து வீடுதான். நான் கோமதியை பைக்கில் கொண்டுபோய் விட்டேன். அக்கா எங்களுக்கு முன்பே பஸ்ஸில் வந்து கல்லூரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தடித்த ஃபைல்.

"இது என்னாக்கா?" என்றாள் கோமதி.

"பையனோட மார்க் ஷீட்டு, டி.சி., ஜாதி சர்டிபிகேட்டு. மூணு மூணு ஜெராக்ஸ். போட்டோ ஆறு. போதுமா?"

"இதெல்லாம் என்னாத்துக்குக்கா?"

"நீதான கவுன்சிலிங்குன்னு சொன்ன. காலேஜு சீட்டு போடறதுக்கு வேணாமா?"

(எங்கள் பக்கம் கவுன்சிலிங் என்றால் அது ஒன்றுதான். அக்காவைக் குறை சொல்ல முடியாது. இரண்டு வருடம் முன்பு கோமதி சொன்னபோது நானும் அதைத்தான் நினைத்தேன். இவளுக்கு எதற்கு இனிமேல் சீட்டு என்று யோசித்தேன். கேட்கவில்லை.)

"அக்கா, இது வேற கவுன்சிலிங். உங்க மனசுல இருக்கற கஷ்டத்த நீங்க சொல்லணும், நான் கேக்கணும்."

"பையனுக்கு சீட்டு இல்ல. அதான் கஷ்டம்."

"அதையே சொல்லுங்கக்கா."

"சொன்னா சீட்டு கெடைக்குமா?"

கோமதிக்குப் பொய் சொல்ல வராது. "கெடைக்காதுக்கா" என்றாள்.

"அப்ப நான் பஸ்ஸப் புடிக்கறேன்" என்று அக்கா ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது. கோமதி என்னைப் பார்த்தாள். நான் பைக்கைப் பார்த்தேன்.

"ஏங்க, நீங்க வந்து உக்காருங்க."

"நான் உன் புருசன்."

"மேடத்துக்கு உங்களத் தெரியாது. தூக்கம் வர்லன்னு சொல்லுங்க. போதும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. சரி என்றேன். அறிவுள்ளவன் அங்கேயே முடியாது என்று சொல்லியிருப்பான்.

ஃபாரத்தில் பெயர் கேட்டிருந்தது. முருகன் என்று எழுதினேன். (அதற்கு மேல் யோசிக்க வரவில்லை.) உள்ளே இரண்டு நாற்காலி, நடுவில் ஒரு ஸ்டூல், அதன்மேல் ஒரு டிஷ்யூ டப்பா. மூலையில் மேடம், கையில் நோட்டு. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அப்போதே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

"வணக்கங்க முருகன்" என்றாள் கோமதி.

நான் திரும்பி வாசலைப் பார்த்தேன். யாரும் வரவில்லை. அப்புறம்தான் உறைத்தது.

"வணக்கங்க."

"இன்னைக்கு எதப் பத்திப் பேசலாம்னு வந்திருக்கீங்க?"

"தூக்கம் வர்லைங்க."

"தூக்கம் வர்றதில்ல."

"அதத்தான் சொன்னேன்."

"அதத்தான் சொல்ல வர்றீங்க."

எங்கள் ஊரில் ஒருவன் சொன்னதையே அவன் முகத்துக்கு நேராகத் திருப்பிச் சொன்னால் அதற்குப் பேர் பழிப்பு. பழிப்புக் காட்டினால் அடி விழும். இவர்கள் படிப்பில் அதற்கு மார்க் போடுகிறார்கள்.

"பழிப்புக் காட்டறீங்களா?" என்றேன்.

"நான் பழிப்புக் காட்டற மாதிரி உங்களுக்குத் தோணுது."

பல்லைக் கடித்துக்கொண்டேன். அவளும் பேசவில்லை. அமைதி காப்பதும் பாடத்தில் உண்டாம். ஃபேன் சுற்றியது. மூன்று நிமிடம் இருக்கும். அமைதி காப்பதில் என்னை ஜெயிக்க ஆள் இல்லை. கடைசியில் அவள்தான் வாயைத் திறந்தாள்.

"தூக்கம் வராதப்ப மனசுல என்னா ஓடுதுங்க?"

"கோவம்."

"யாரு மேல?"

யோசிக்காமல் சொன்னேன். "பொண்டாட்டி மேல."

மேடத்தின் பேனா நோட்டில் விறுவிறுவென்று ஓடியது. கோமதியின் முகம் ஒரு நொடி மாறி மறுபடி பழையபடி ஆனது. "சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். அதற்கு முன்னாலும் அதற்குப் பின்னாலும் நான் அப்படிப் பேசியதில்லை. "ரெண்டு வருசமா சனி ஞாயிறு அவ வூட்ல கெடையாது. கேக்கல. உப்பு இல்லாத சட்னிய முழுங்குனேன். கேக்கல. ஒரு நாளு அவ படிக்கற எடத்து கேட்டுல பைக்க நிறுத்திட்டு நின்னுட்டிருந்தேன். கூடப் படிக்கற பொம்பளைங்க அவகிட்ட, உங்க வூட்டுக்காரரு என்னா பண்றாருன்னு கேட்டாங்க. எலக்ட்ரிக்கல் ஃபீல்டுல இருக்காருங்கறா. நான் என்னா ஃபீல்டு? காயில் கட்டறவன். கையெல்லாம் வார்னிஷ். அதச் சொல்ல வாய் வர்ல அவளுக்கு."

கோமதி டிஷ்யூ டப்பாவை என் பக்கம் தள்ளவில்லை. ஒன்றையும் திருப்பிச் சொல்லவும் இல்லை.

"அவங்க உங்கள நெனச்சு வெக்கப்படறாங்கன்னு நெனச்சிட்டீங்க" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "அத இத்தன நாளா தனியா வெச்சிட்டிருந்திருக்கீங்க."

அதுதான். சரியாக அதுதான். நெஞ்சில் ஏதோ ஒன்று விட்டுப்போனது. இந்தப் படிப்பில் விஷயம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மேடம் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தார். அவள் தேறிவிட்டாள். அந்த இடத்தில் நான் எழுந்து கும்பிடு போட்டுவிட்டு வந்திருந்தால் கதை முடிந்திருக்கும்.

ஆனால் இருபது வருடம் மூடிக் கிடந்தவனுக்கு அப்போதுதான் ருசி கண்டது.

"எல்லாத்துக்கும் அவ ஆத்தாதான் காரணம்" என்றேன். "மாப்ளைக்கு ரெண்டு வார்த்த சேர்ந்தாப்ல பேச வருமான்னு கல்யாணப் பந்தியில வெச்சிக் கேட்டுது அந்தம்மா. அது சொல்லிக் குடுத்த புத்திதான் இவளுக்கு."

கோமதி மூச்சை இழுத்தாள். விட்டாள். மறுபடி இழுத்தாள்.

"எங்கம்மாவ எதுக்கு இழுக்கறீங்க?" என்றாள். "அன்னைக்கு அவங்க சிரிச்சிக்கிட்டே சொன்னத இன்னுமா வெச்சிட்டிருக்கீங்க? நீங்க எங்கண்ணனப் பத்திச் சொன்னத நான் வெளிய சொல்லட்டுமா?"



மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "கோமதி," என்றார், "முருகனோட மாமியார் உங்கம்மாவா?"

கோமதி தலையைக் குனிந்துகொண்டாள். காப்பாற்ற வேண்டியது என் பொறுப்பு என்று பட்டது. எழுந்து நின்று தெளிவாகச் சொன்னேன்.

"இல்லைங்க மேடம். நான் முருகனே இல்லைங்க."

செல்லாது என்று எழுதினார்கள். ஆறு மாதம் தள்ளிப்போனது. பொய் ஃபாரத்துக்குத் தனியாக ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது பைக்கை விரட்டினேன். எனக்கு செல்வியக்கா மேல் கோபம். மேடம் மேல் கோபம். அந்த ஸ்டூல் மேல்கூடக் கோபம். வீடு வந்து வண்டியை நிறுத்திய பிறகுதான் கோபம் சரியான ஆளிடம் வந்து நின்றது. வாயைத் திறக்காதவன் என்று பேர் எடுத்தவன், திறக்கக் கூடாத நாளில் திறந்தேன்.

கோமதி வண்டியிலிருந்து இறங்காமலே சொன்னாள். "ஃபீல்டுன்னு சொன்னது தப்புதாங்க."

"உங்கம்மாவப் பத்தி நான் சொன்னது தப்பில்ல" என்றேன். ஒரு வாரம் எனக்கு நானே சமைத்துக்கொண்டேன். உப்பு சரியாக இருந்தது.

ஆறு மாதம் கழித்து மறுபடி ஆள் தேட வேண்டி வந்தது. யாரும் கிடைக்கவில்லை. இந்த முறை நானே பிடித்துக் கொடுத்தேன். பாலக்கோடு பக்கம் தக்காளி போட்டிருக்கும் மாதையன். அவர் மோட்டாரை நாளைக்கு, நாளைக்கு என்று பத்து நாள் இழுத்திருந்தேன். செடி காய்கிறது என்று கடை வாசலில் நின்று கத்தினார்.

"அண்ணே, சாயந்தரம் மோட்டாரு ரெடி. அதுவரைக்கும் தருமபுரியில ஒரு எடத்துல போயி உக்காந்து, மனசுல இருக்கறதெல்லாம் சொல்லுங்க. ஒரு டீச்சரம்மா கேப்பாங்க" என்றேன்.

"என்னா வேணும்னாலும் சொல்லலாமா?"

"சொல்லலாம்."

சாயந்தரம் மோட்டாரை எடுக்க வந்தார். முகம் தெளிவாக இருந்தது. "நல்ல பொம்பளப்பா அது. முக்கா மணி நேரம் உன்னத் திட்டுனேன். ஏமாத்துக்காரன், என் வாய்ல மண்ணப் போட்டவன், உருப்பட மாட்டான்னு எல்லாஞ் சொன்னேன். ஒரு வார்த்த குறுக்க பேசல. ஆமா ஆமான்னு தலைய ஆட்டுச்சி. மூலையில உக்காந்திருந்த அம்மாகூட அசந்துபோச்சி."

கோமதி நல்ல மார்க்கில் தேறினாள். தாளாளர் வேலையைக் காலியாகவே வைத்திருந்தார். இப்போது அவள் அறை வாசலில் பெயர்ப் பலகை இருக்கிறது. யாராவது கேட்டால் வீட்டுக்காரர் காயில் கட்டுகிறார் என்றுதான் சொல்கிறாள்.

எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. அவள் அம்மாவைப் பற்றி நான் சொன்னது மூன்றே வாக்கியம். ஆறு மாதத்தைத் தூக்கிப் போட்டாள். புருசனை ஒருத்தன் முக்கால் மணி நேரம் கிழித்திருக்கிறான். ஆமாம் என்று தலையை ஆட்டியிருக்கிறாள்.

கேட்டேன். "அது தொழிலுங்க" என்றாள்.

இப்போது வீட்டில் விசேஷம் என்று நாலு பேர் கூடினால், என் மகள்தான் இந்தக் கதையை எடுப்பாள். கடைசி வரியை மட்டும் என்னைப் பார்த்துச் சொல்வாள்.

"எங்கம்மாவுக்கு எங்கப்பா மேல கொஞ்சம் பாசம் இருந்திருந்தா, ரெண்டாவது தடவையும் ஃபெயிலு."

எல்லாரும் சிரிப்பார்கள். என் மாமியார்தான் அதிகம் சிரிப்பார்.