வல்லினக் கம்பி

இருபது வருட இல்லற வாழ்க்கையில் மனைவி பேச்சை மீறி நான் எடுத்த முதல் முடிவின் தடிமன், ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் பதிமூன்று பங்கு. அளந்துதான் சொல்கிறேன்.

அது ஒரு கம்பி. எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் போடும் கம்பி.

உனக்கும் கிட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நான் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கம்பெனியில் வருடா வருடம் ஆண்டு விழா நடக்கும். விற்பனைப் பிரிவுக்காரர்கள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு மேடையில் இசைக்குழு நடத்துவார்கள். மெக்கானிக்குகள் நாங்கள் எட்டுப் பேரும் அவர்களுடைய ஸ்பீக்கர் பெட்டிகளைத் தூக்கி வைப்போம். போன வருடம் நன்றியுரையில் நாற்காலி வாடகைக்குக் கொடுத்தவர் பெயர்கூட வந்தது. எங்கள் பெயர் வரவில்லை. எங்கள் தலைமை மெக்கானிக்கை கிரீஸ் அண்ணன் என்று கூப்பிடுவோம். அன்றைக்குப் பெட்டியைச் சுமந்துகொண்டு படியிறங்கும்போது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் ஓயாத மனிதர் அவர். அந்த மௌனம் எனக்கு வருடம் முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்த வருடம் விழாவில் மேடை ஏறுபவர்களின் பெயர்ப் பட்டியல் சுற்றுக்கு வந்தது. என் பெயரை எழுதி, எதிரே 'தனி கிட்டார்' என்று போட்டுவிட்டேன். கல்லூரி நாட்களில் வாசித்தவன் நான். அந்தக் கிட்டார் எங்கள் அலமாரி மேல் ஒரு பழைய போர்வைக்குள் இருபது வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. கிரீஸ் அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. மெக்கானிக்குகளின் மானம் இனி என் கையில் இருக்கிறது என்றார். விழாவுக்கு ஏழு வாரம் இருந்தது.

போர்வையைப் பிரித்துப் பார்த்தால் கம்பிகள் துருப்பிடித்து, தொட்டால் காயம்பட்டு ஊசி போட்டுக்கொள்ள வேண்டிய நிலையில் இருந்தன. புதுக் கம்பி வாங்கக் கடைக்குப் போனேன்.

இசைக்கருவிக் கடைக்காரர் பொறுமைசாலி. உட்காரவைத்து விளக்கினார். கம்பிகள் ஆறு ஆறாக ஒரே உறையில் வரும். உறைமேல் ஓர் எண் இருக்கும். ஆறில் மிக மெல்லிய கம்பியின் தடிமன் அது. ஒன்பது என்றால் மெலிசு. பத்து, பதினொன்று என்று ஏறி, பதிமூன்றில் போய் நன்றாகத் தடித்துவிடும். தடித்த கம்பியில் சத்தம் கனமாக வரும், ஆனால் விரலில் வலு வேண்டும். மெலிசில் விரலுக்கு நோகாது, கம்பியை வளைத்து வாசிக்கவும் சுலபம். இருபது வருடம் தொடாதவர்கள் ஒன்பதில் ஆரம்பிப்பதுதான் நல்லது என்று முடித்தார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எட்டுப் பேரை ஏற்றிய பெட்டியைப் பதினான்கு மாடிக்குத் தூக்குகிற இரும்பு வடங்களோடு தினமும் மல்லுக்கு நிற்பவன் நான். கம்பி கேட்டு வந்தவனிடம் நூல் விட்டுப் பார்க்கிறாரே.

"வல்லினம், மெல்லினம், இடையினம்னு மூணு இருக்குல்ல? ஒன்பது மெல்லினம். பதினொண்ணு இடையினம். எனக்கு வல்லினம் குடுங்க."

அவர் பதிமூன்றை எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது என் விரல்களை ஒரு பார்வை பார்த்தார். அது மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனைவி தையல்காரி. முன்னறையில்தான் அவளுடைய மெஷின் இருக்கிறது. அளவு பொருந்தாத துணிகளையெல்லாம் அக்கம்பக்கத்தார் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். எங்கே பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அவள் கைக்குத் தெரியும். என்னையும் அப்படித்தான் இருபது வருடமாகப் பிடித்தும் விட்டும் தனக்குப் பொருத்தமாகத் தைத்து வைத்திருக்கிறாள். உறையிலிருந்து ஒரு கம்பியை உருவி, இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தாள்.

"சாக்குப் பை தைக்கிற நூல் மாதிரி இருக்குங்க. நீங்க வாசிக்கப் போற பாட்டு பட்டுத்துணியாச்சே. கொஞ்சம் மெல்லிசா வாங்கியிருக்கலாமே."

மெல்லிசை வேறு, மெல்லிசு வேறு என்று அவளுக்கு விளக்கினேன். திரைச்சீலையின் நிறம் முதல் கட்டிலில் நான் எந்தப் பக்கம் படுப்பது என்பது வரை இந்த வீட்டில் எல்லாம் அவள் முடிவு. இந்த ஒரு கம்பியையாவது என்னிடம் விட்டுவிடச் சொன்னேன்.

"சரிங்க," என்றாள்.

இருபது வருட அனுபவசாலி அந்தச் 'சரிங்க'வைக் கேட்டதுமே உஷாராகியிருக்க வேண்டும். நானோ கம்பியை முறுக்கேற்றுகிற மும்முரத்தில் இருந்தேன்.

அடுத்த இரண்டு வாரம் என்ன நடந்தது என்பதை எதிரிக்கும் சொல்ல மாட்டேன். உங்களுக்குச் சொல்கிறேன். முதல் நாள் விரல்நுனியில் கோடு விழுந்தது. இரண்டாம் நாள் அந்தக் கோடு வாய்க்கால் ஆனது. மூன்றாம் நாள் என் மன உறுதியே கம்பி நீட்டிவிட்டது. கம்பிகள் இழுத்த இழுப்பில் கிட்டாரின் கழுத்து முன்பக்கமாக வளைந்து, கம்பிகள் மேலே எழும்பி நின்றன. அவற்றை அமுக்க விரல் போதாது, முழங்கால் வேண்டும். சூடான டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. வேலைக்குப் போன இடத்தில் லிஃப்ட் பொத்தானை முழங்கையால் அமுக்கினேன். என் போன் என் விரல் ரேகையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நீ யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டது.

பாட்டின் நடுவே ஓர் இடம் உண்டு. ஒரு ஸ்வரத்தைப் பிடித்து, கம்பியை விரலாலேயே ஓரமாகத் தள்ளி வளைக்க வேண்டும். அது வழுக்கிக்கொண்டு அடுத்த ஸ்வரத்துக்கு ஏறும்போது கேட்பவர்களுக்கு அழுகை வர வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் அழுதவன் நான் ஒருவன்தான்.

பயிற்சி எப்படிப் போகிறது என்று மனைவி கேட்டாள். பிரமாதம் என்றேன். அவளே என் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டே தலையை ஆட்டினாள்.

மூன்றாவது வாரம் ஒரு மாற்றம் தெரிந்தது. வேலை முடிந்து வந்து கிட்டாரை எடுத்தால், கம்பி கொஞ்சம் இறங்கி வந்த மாதிரி இருந்தது. நாலாவது வாரம் இன்னும் இறங்கியது. ஐந்தாவது வாரம் விரல் சொன்ன இடத்துக்குப் போயிற்று. தோல் காய்த்துவிட்டது, நரம்பு முறுக்கேறிவிட்டது, பதிமூன்று என்னிடம் சரணடைந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். கம்பிகள் புத்தம் புதிதாகப் பளபளத்தன. நான் தேய்க்கிற தேய்ப்பு அப்படி. வாசிக்க உட்காரும்போதெல்லாம் சுருதியும் சேர்ந்தே இருந்தது. நல்ல கிட்டார் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று கிரீஸ் அண்ணனிடம் சொன்னேன். படிப்பதற்கு ஒரு கண்ணாடி வைத்திருக்கிறேன். வயதாகிவிட்டது என்று வீட்டில் யாராவது நினைத்துவிடுவார்களோ என்று அதை மாட்டுவதில்லை. மாட்டியிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

வெற்றி வந்தால் எனக்கு உபதேசமும் கூடவே வரும். ஒருநாள் அவள் மெஷினில் நூல் அறுந்து அறுந்து போயிற்று. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, விடாமுயற்சி பற்றி அரைமணி நேரம் பேசினேன். உன் பேச்சைக் கேட்டு மெலிசு வாங்கியிருந்தால் இந்த விரல் இப்படி உருவாகியிருக்குமா என்று நாலு விரலையும் அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவள் ஒவ்வொரு விரலையும் தொட்டுப் பார்த்து, நிஜமாகவே இரும்பு மாதிரி ஆகிவிட்டதே என்றாள். பிறகு ஊசியை வாயில் கவ்விக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது. நெகிழ்ந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

விழா வந்தது. விற்பனைப் பிரிவுக்காரர்கள் முதலில் வாசித்தார்கள். புகை விட்டார்கள், விளக்கைச் சுழற்றினார்கள், கைதட்டல் வாங்கினார்கள். அடுத்து மெக்கானிக் பிரிவு என்று அறிவித்தபோது அரங்கத்தில் பாதிப் பேர் தேநீர் குடிக்க எழுந்தார்கள். நான் நீலச் சீருடையிலேயே மேடை ஏறினேன். முன்வரிசையில் கிரீஸ் அண்ணனும் மற்ற ஆறு பேரும் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் வரிசையில் என் மனைவி.

வாசிக்க ஆரம்பித்தேன். விரல்கள் என்னைக் கேட்காமலே நடந்தன. தேநீருக்கு எழுந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். அந்த இடம் வந்தது. கம்பியைப் பிடித்தேன். தள்ளினேன். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி அது வளைந்தது. ஸ்வரம் வழுக்கிக்கொண்டு மேலே ஏறி, உச்சியில் போய் நடுங்கி நின்றது. நான் விடவில்லை. பதினான்கு மாடியும் ஏறி, மொட்டைமாடிக் கதவைத் திறந்துகொண்டு வானத்தில் நின்ற மாதிரி இருந்தது எனக்கு. கீழே பார்த்தால் கிரீஸ் அண்ணன் தன் கைக்குட்டை போதாமல் பக்கத்தில் இருப்பவர் கைக்குட்டையை வாங்கிக்கொண்டிருந்தார்.

முடித்ததும் அரங்கம் எழுந்து நின்றது. மேலாளர் மேடைக்கு வந்து, எங்கள் எட்டுப் பேர் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். இந்த முறை ஸ்பீக்கர் பெட்டிகளை விற்பனைப் பிரிவு தூக்கட்டும் என்று சிரித்துக்கொண்டே உத்தரவும் போட்டார். கறுப்புக் கண்ணாடிகள் பெட்டி சுமந்த காட்சியை எங்கள் ஆட்கள் சாவகாசமாக உட்கார்ந்து பார்த்தார்கள்.

அப்போதுதான் விற்பனைப் பிரிவின் கிட்டார்காரத் தம்பி என்னிடம் வந்தான். நல்ல பையன். மனம்விட்டுப் பாராட்டினான். அந்த வளைவு எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது, என்ன கம்பி போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டான். சுற்றி என் ஆட்கள் நிற்கிறார்கள். சற்று உரக்கவே பதிமூன்று என்றேன். அவன் கண்ணை அகலமாக்கிக்கொண்டு கிட்டாரை வாங்கினான். ஒரு கம்பியைத் தொட்டான். இன்னொன்றை வளைத்தான். முகம் சந்தேகமாக மாறியது.

"அண்ணே, இது ஒன்பதுண்ணே."

அந்த அரங்கத்துக்கு இரண்டு வாசல். இரண்டும் தூரத்தில் இருந்தன. கிரீஸ் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கம்பியைப் பார்த்தேன். கம்பி என்னைப் பார்த்து மின்னியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் மனைவி வந்தாள்.

"பதிமூணுதான் தம்பி வாங்கினார். நானே பார்த்தேன். ஏழு வாரமா அவர் அமுக்குன அமுக்குல தேஞ்சு ஒன்பதாயிடுச்சு."

கிரீஸ் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். தம்பியும் சிரித்தான். எங்க ஆளு அமுக்கினா இரும்பே தேயும்டா என்று சொல்லிக்கொண்டே மெக்கானிக்குகள் என்னைத் தோளில் தூக்கிவிட்டார்கள். மேலே இருந்தபடி நான் அவளைப் பார்த்தேன். அவள் கிட்டாரைப் போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் எல்லாம் வெளியே வந்தது. நான் வேலைக்குப் போனதும் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அவள் கடைக்குப் போயிருக்கிறாள். வாரம் ஓர் எண்ணாக இறக்கியிருக்கிறாள். பன்னிரண்டு, பதினொன்று, பத்து, கடைசியில் ஒன்பது. முதல் தடவை கடைக்காரர் மாட்டிக் காட்டினாராம். கிட்டாரின் கழுத்தையும் நிமிர்த்திக் கொடுத்தாராம். அடுத்த தடவையிலிருந்து இவளே மாட்டி, போனைப் பார்த்து இவளே சுருதியும் சேர்த்திருக்கிறாள்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னேனே. முதல் நாளே."

நேராக ஒன்பதையே மாட்டியிருக்கலாமே என்று கேட்டேன். திடீரென்று இறக்கினால் கண்டுபிடித்து மறுபடி பதிமூன்றை மாட்டியிருப்பேனாம். கைக்குழந்தைக்குப் பால் மறக்கடிப்பது போலக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்ய வேண்டுமாம். பிறகு, என் விரல்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கம்பி மட்டும்தான் தன்னுடைய வேலை, அந்த ஸ்வரத்தை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது நான்தான் என்றாள். கோபப்பட வேண்டும் என்றுதான் இருந்தேன். காதில் கைதட்டல் இன்னும் ஓயவில்லை. கோபத்துக்கு இடமில்லாமல் போய்விட்டது.

ஆனாலும் ஆண்பிள்ளை. ஒரு வாரம் யோசித்தேன். பதிமூன்று என் வீம்பு, அது விரலோடு போயிற்று. ஒன்பது அவள் வைத்த எண், அதை நான் வாங்கினால் தோற்றதாக அர்த்தம். இரண்டுக்கும் நடுவே, யார் சொல்லையும் கேட்காமல், முழுக்க முழுக்க என் சொந்த அறிவால் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்தேன். பத்து. ஞாயிற்றுக்கிழமை காலை, முடிவெட்டிக்கொள்ளப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு நேராகக் கிட்டார் கடைக்கு நடந்தேன்.

கடைக்காரர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். விழாவைப் பற்றிக் கேள்விப்பட்டேன் என்று கை குலுக்கினார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பத்தாம் நம்பர் கம்பி ஒரு உறை வேண்டும் என்றேன்.

அவர் தேடவே இல்லை. மேஜைமேல் தயாராக இருந்த காகிதப் பையை என் பக்கம் நகர்த்தினார்.

"பத்துதான் சார். அம்மா இப்பத்தான் போன் பண்ணி எடுத்து வைக்கச் சொன்னாங்க. போற வழியில மறக்காம முடியையும் வெட்டிட்டு வரச் சொன்னாங்க."