மீளா ஆய்வு

அறிவியல் இதுவரை மூன்று முறை சீர்திருத்தப்பட்டிருக்கிறது. மூன்று முறையும் உளவியல் துறையின் இரண்டாவது மாடியில். மூன்று முறையும் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. செய்தவர் ஒரே ஆள்தான், துறைத் தலைவர். எல்லோரும் அவரைச் 'சீர்திருத்தர்' என்றார்கள். முதலில் கேலியாகத்தான் சொன்னார்கள். அவர் அதையே பெயர்ப்பலகையில் போட்டுக்கொண்டதும் கேலி செய்ய வழியில்லாமல் போயிற்று.

அவருடைய கொள்கை நெருப்பு மாதிரி. "ஒரு தடவை நடந்தா விபத்து, ரெண்டு தடவை நடந்தா அதிர்ஷ்டம், மூணு தடவை நடந்தாத்தான் அறிவியல்!" யார் எந்த முடிவோடு வந்தாலும் முதல் கேள்வி, "குறிப்பேடு எங்கே?" வெளியே மழை பெய்கிறது என்று மனைவி சொன்னால்கூட, எத்தனை துளியை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்கும் நேர்மையாளர். மனைவி குடையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இவர் நேர்மையாக நனைவார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் உலகத்துக்கு ஓர் உண்மையை வழங்கினார்: கட்டை நாற்காலியில் உட்கார்ந்தவன் பொய் சொல்லமாட்டான். சோதனை எளிது. ஆளை உட்காரவைத்து, இல்லாத ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லி, "படிச்சிருக்கீங்களா?" என்று கேட்க வேண்டும். மெத்தை நாற்காலிக்காரர்கள், "படிச்சிருக்கேனே! ரெண்டாம் பாகம் மட்டும் கொஞ்சம் இழுவை" என்றார்கள். கட்டை நாற்காலிக்காரர்கள், "இல்லீங்க" என்றார்கள். முடிவு அச்சான மறுமாதமே பல்கலைக்கழகம் மெத்தைகளைப் பிடுங்கிப் போட்டது. வகுப்பு, நூலகம், கேன்டீன் எங்கும் கட்டை. உண்மை வளர்ந்ததோ என்னவோ, வாசலில் இருந்த வலித்தைலக் கடை இரண்டு மாடி வளர்ந்தது. மெத்தை மிஞ்சியது ஒரே அறையில், சீர்திருத்தரின் அறையில். அது மருத்துவர் சொன்னது.

அப்பேர்ப்பட்டவரின் தலைமையில் அன்று மாபெரும் பொது அறிவரங்கம். தலைப்பு: 'வெளியுறவுக் கொள்கை வரலாறும் அறிவியல் சீர்திருத்தமும்'. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டவர்களுக்கு விழாக்குழு விளக்கம் தந்தது: அரங்கம் ஒரு நாள்தான் கிடைத்தது. இரண்டையும் இணைக்கப் பெரிய எழுத்தில் 'மீளாய்வு' என்று போடச் சொல்லியிருந்தார்கள். பேனரில் 'மீளா' ஒரு வரியிலும் 'ஆய்வு' அடுத்த வரியிலும் இருந்தன.

சீர்திருத்தர் பேனர்க்காரருக்குப் போன் போட்டார்.

"யோவ், மீள் ஆய்வுன்னா திரும்பச் செய்யற ஆய்வு. மீளா ஆய்வுன்னா திரும்பவே வராத ஆய்வுய்யா!"

"வார்த்தை நீளம் சார், ரெண்டாப் பிரிச்சேன். எங்க கடையில 'மீளா'ன்னு வந்தா அடுத்து 'துயர்'தான் வரும். பழக்கதோஷத்துல கை அங்கயே நின்னுடுச்சு. நல்லவேளை, மாலை போட்ட போட்டோ வைக்கல."

நேரமாகிவிட்டதால் அப்படியே கட்டினார்கள். அறையிலிருந்து மெத்தை நாற்காலியை இரண்டு பணியாளர்கள் பல்லக்கு மாதிரி தூக்கிவந்து மேடையில் வைத்தார்கள். தலைவர் அமர்ந்தார். எதிரே முந்நூறு பேர் கட்டையில் நெளிந்தார்கள்.

முதலில் வரலாற்றுப் பேராசிரியை. ஒரு பழைய எல்லை ஒப்பந்தத்தின் மூல ஏட்டைக் கேட்டு, வெளியுறவு அமைச்சகத்துக்குப் பதினொரு ஆண்டுகளாக ஆண்டுக்கொரு கடிதம் எழுதியவர். பதினொரு பதில்களையும் வாசித்தார். வாசிக்க அதிக நேரம் ஆகவில்லை, எல்லாவற்றிலும் ஒரே வரி: "தாங்கள் கோரிய ஏடு தேடப்பட்டு வருகிறது."

சீர்திருத்தர் மேடை குலுங்கச் சிரித்தார். "தேடறாங்களாம்! வெச்சவனுக்குத் தெரியாதா வெச்ச இடம்? மேடம், ஏட்டை ஒளிக்கிறவன் எதையோ ஒளிக்கிறான். அறிவியல்ல இந்த ராஜதந்திரமெல்லாம் நடக்காது. என் குறிப்பேடு இன்னிக்கும் திறந்த வீடு. யார் வேணா வரலாம், பாக்கலாம்!"

கைதட்டல். அடங்கியபோது ஐந்தாவது வரிசையில் ஒரு பெண் நின்றிருந்தாள். அவரிடமே நான்கு ஆண்டுகளாக ஆய்வு செய்யும் மாணவி.

"சார், அப்ப நான் வரலாமா?"

விஷயம் இதுதான். அவருடைய நாற்காலிச் சோதனையை அவள் நூற்று இருபது பேரிடம் திரும்பச் செய்திருந்தாள். கட்டையில் உட்கார்ந்த அறுபது பேரில் நாற்பது பேர் இல்லாத புத்தகத்தைப் படித்திருந்தார்கள். இரண்டு பேர் இரவல் கொடுத்து, அது திரும்பி வரவில்லை என்றும் வருந்தினார்கள். ஆய்வுக்குழு கறாராகச் சொல்லிவிட்டது: ஒன்று, மூலக் குறிப்பேடு வேண்டும், அல்லது அது ஏன் இல்லை என்று எழுத்தில் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் இரண்டும் இல்லையென்றால் தவறு மாணவியின் கையில். நான்கு ஆண்டும் அம்போ. அன்று வியாழன். இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "நாளைக்கு" என்றே பதில்.

"நாலு மணிக்கு வாம்மா!" என்றார் சீர்திருத்தர் மைக்கில். மறுபடியும் கைதட்டல்.

மூன்றே முக்காலுக்கு அறைக்கு வந்தார். மெத்தை நாற்காலி இன்னும் மேடையிலிருந்து இறங்கவில்லை. பார்வையாளர்களுக்கான கட்டை நாற்காலியில் உட்கார்ந்து, மேசை இழுப்பறையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு முதன்முறையாகத் திறந்தார்.

கட்டை நாற்காலிக்காரர்கள் பன்னிரண்டு பேர். ஏழு பேர் 'இல்லை'. ஐந்து பேர் 'படித்தேன்'. அந்த ஐந்து பெயர்களின் மேலும் பென்சில் கோடு. ஓரத்தில் ஒவ்வொன்றுக்கும் காரணம்: 'நீக்கம்: முதுகுவலி'.

யாருடைய கையெழுத்து என்று யோசித்தார். நல்ல பழக்கமான கையெழுத்தாகத்தான் இருந்தது.

கதவு தட்டப்பட்டது. குறிப்பேடு இழுப்பறைக்குள் போனது. சாவி சட்டைப்பைக்குள் போனது.

"வாம்மா. ஒரு சின்ன சிக்கல். ஏடு இங்கதான் எங்கயோ இருக்கு."

"எங்க சார்?"

"அதான் தேடறோம்."

கேட்கக் கூடாதுதான். இருந்தாலும் கேட்டுவிட்டாள். "வெச்சவங்களுக்குத் தெரியாதா சார்?"

"அது வேற சூழல்மா. அது வெளியுறவு."

"சரி சார். குழுவுக்கு எழுத்துல வேணும். ஒரு வரி போதும்."

ஒரு வரிதானே என்று சீர்திருத்தர் துறைத் தாளில் எழுதினார். பேனா தானாக ஓடியது: 'தாங்கள் கோரிய குறிப்பேடு தேடப்பட்டு வருகிறது.' கையெழுத்து, முத்திரை, தேதி. அவள் தாளைக் கண்ணாடி மாதிரி பத்திரமாகப் பைக்குள் வைத்தாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"சார், 'இருக்கையும் இயல்பும்'னு ஒரு நூல். ரெண்டு பாகம். படிச்சிருக்கீங்களா?"

அவள் போனால் போதும் என்றிருந்தது அவருக்கு. "படிச்சிருக்கேனே. ரெண்டாம் பாகம் மட்டும் கொஞ்சம் இழுவை."

அவள் தன் குறிப்பேட்டைத் திறந்து ஏதோ எழுதினாள்.

"என்னம்மா எழுதறே?"

"நூத்தி இருபத்தோராவது ஆள் சார்." அவருக்குக் கீழே ஒருமுறை பார்த்தாள். "கட்டை." கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

சீர்திருத்தர் குனிந்து பார்த்தார். கட்டைதான்.

அறிவியல் நான்காவது முறையாகச் சீர்திருத்தப்பட வேண்டிய நேரம் வந்துவிட்டது. அவர் எழுந்து கதவைத் தாழிட்டார். சாவியை எடுத்தார், குறிப்பேட்டை எடுத்தார். பதின்மூன்றாவது வரியில் நேர்மையாகத் தன் பெயரை எழுதி, 'படித்தேன்' என்று குறித்தார். பிறகு பென்சிலைச் சீவினார். அளவுகோல் வைத்து, பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

நீக்கம்: முதுகுவலி.