மூன்று நாளில் ஆறுதல் படித்தவர்

துக்கத்தில் இருப்பவர்களைத் தேற்றுவது எப்படி என்று மூன்று நாள் பயிற்சி எடுத்து, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் மனிதரை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பார்க்கவில்லையா? உங்கள் வீட்டில் ஒரு சாவு விழட்டும் (வாயில் அடித்துக்கொள்கிறேன், சும்மா ஒரு பேச்சுக்கு), அவரே வந்து நிற்பார்.

எங்கள் அலுவலகத்தில் அவர் ஊழியர் நல அதிகாரி. நாங்கள் வைத்த பெயர் ஆறுதலார். முன்பெல்லாம் சாவு வீட்டுக்குப் போனால் ஓரமாக நின்று, நாலு பேர் எழுந்ததும் தானும் எழுந்து வந்துவிடுகிற நல்ல மனிதர்தான். பயிற்சி முடிந்ததும் ஆளே மாறிவிட்டார். நாற்காலியை நேருக்கு நேர் போடமாட்டார், சற்றுத் திருப்பித்தான் போடுவார், டிஷ்யூ பெட்டி கை எட்டும் தூரத்தில் இருக்கும், குரல் தொண்டைக்குக் கீழே இறங்கியிருக்கும், எல்லாம் தயார். அழத்தான் ஆள் இல்லை! மூக்கை உறிஞ்சிய கேஷியரை விட்டாரா?

"எதையோ இழந்திருக்கீங்க."

"ஆமா சார், குடையை. பஸ்ல விட்டுட்டேன். நனைஞ்சு ஜலதோஷம்."

கடைசியில் ஆள் கிடைத்தது. தபால் பிரிவுப் பெண்ணின் அண்ணன் திடீரென்று தவறிவிட்டார். பத்து நாள் விடுப்பு முடிந்து வந்தவளுக்கு யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டியது ஒன்று இருந்தது. அம்மாவிடம் சொன்னால் அம்மா தாங்கமாட்டாள். அதனால்தான் பாவம், தானாகவே அவர் அறைக்குப் போனாள். கதவை அவர் சாத்தவில்லை. நாங்களும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

அவர் படித்த விதி இது: கேள்வி கேட்காதே, புத்தி சொல்லாதே, எதிரில் இருப்பவரின் கடைசி வார்த்தையை அப்படியே திருப்பிச் சொல்.

"அன்னிக்குக் காலைல அண்ணன் போன் பண்ணான் சார். நான் எடுக்கல."

"நீங்க எடுக்கல."

"எடுத்திருக்கணும்."

"எடுத்திருக்கணும்."

"எடுத்திருந்தா ஆஸ்பத்திரிக்காவது கூட்டிட்டுப் போயிருக்கலாம்."

"போயிருக்கலாம்."

அடப்பாவி மனுஷா! நீதிபதிகூட இவ்வளவு சீக்கிரம் தீர்ப்புச் சொல்லமாட்டாரே! அவள் உடைந்து அழுதாள். ஆறுதலார் முகத்தில் பரம திருப்தி. பயிற்சியில் கொடுத்த கையேட்டில் எதையோ டிக் அடித்தார்.

அதே அறையில் ஃபேனை ரிப்பேர் செய்ய ஏணி மேல் நின்றிருந்தார் எலக்ட்ரீஷியன். அவரை வெளியே அனுப்பச் சொல்லிக் கையேட்டில் இல்லை போலிருக்கிறது. பயிற்சி பெறாத மனிதர், பொறுக்கமாட்டாமல் கேள்வி கேட்டுவிட்டார்.

"ஏம்மா எடுக்கல?"

"பாப்பாவைக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தேண்ணே. கையெல்லாம் சோப்பு."

"பச்சப் புள்ளயத் தண்ணில விட்டுட்டு யாராவது போன் எடுக்க ஓடுவாங்களா? ஓடியிருந்தா உங்க அண்ணனே திட்டியிருப்பாரு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "திட்டித்தான் இருப்பான். பாப்பான்னா அவனுக்கு உயிர்" என்றாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அரை மணி நேரம் அண்ணனைப் பற்றியே பேசினாள்.

எலக்ட்ரீஷியனுக்கு ஆறுதலார் எழுத்து மூலம் கண்டனம் அனுப்பினார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள். போன மாதம் உங்கள் சிநேகிதர், வீட்டில் துக்கம் நடந்து நாலு நாள்கூட ஆகாமல், கையைப் பிடித்துக்கொண்டு "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாரே. முதுகில் தட்டி, "எல்லாம் சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தீர்களே. அவர் சொல்ல வந்தது என்ன? தெரியாதல்லவா? ஆறுதலாருக்காவது மூன்று நாள் பிடித்தது. நீங்கள் வகுப்புக்கே போகாமல் தேறியவர்.