தண்ணீர் வந்த நாளில் கண்ணாமூச்சி

பிள்ளை பெற்றதும் விளையாட்டுப் புத்தியும் தானாக வந்துவிடும் என்று சொன்னவர் கணக்கு டீச்சராக இருந்திருக்க மாட்டார். நான் கணக்கு டீச்சர். பல்லாங்குழி ஆட உட்கார்ந்தால்கூட, ஆறில் நாலு போனால் மிச்சம் எவ்வளவு என்று கேட்டுத் தொலைப்பேன். ஒருநாள் யு.கே.ஜி. படிக்கும் என் மகள் கயல், "நீ வேணாம்மா, நான் தனியாவே வெளாண்டுக்கிறேன்" என்றாள். சுருக்கென்றது. போய் அழுதேன் (குளியலறையில், கௌரவமாக).

அந்த ஞாயிற்றுக்கிழமை நானே வலியப் போய், கண்ணாமூச்சி ஆடலாமா என்று கேட்டேன். சந்தேகமாகப் பார்த்துவிட்டுச் சம்மதித்தாள். அவள் சுவரில் முகம் புதைத்து எண்ணத் தொடங்கியதும் (நடுவில் ஏழை விட்டுவிட்டாள், பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்), வாசலில் இருந்த காலி ட்ரம்முக்குள் இறங்கிக் குந்தினேன். தண்ணீர் வடிகட்டக் கட்டும் பழைய வேட்டியை மேலே இழுத்து மூடிக்கொண்டேன்.

திண்டுக்கல்லில் எங்கள் தெருக் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கென்று வந்தது. தெருவே குடத்தோடு ஓடியது. என் மாமியார் ஹோஸை இழுத்து வந்து வேட்டியின் மேல் போட்டார்.

உச்சந்தலையில் கொட்டியது. கத்தியிருக்கலாம். ஆனால் கயலின் கொலுசுச் சத்தம் பக்கத்தில் கேட்டது. இந்த ஆட்டத்தையும் கெடுத்தால் இனி என்னைச் சேர்க்கவே மாட்டாளே என்று பயம். இடுப்புவரை தண்ணீர் ஏறியபோது தும்மல் வந்து காட்டிக்கொடுத்துவிட்டது.

வேட்டியை விலக்கிய அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். எழப் பார்த்தேன், மடங்கிய முழங்கால்கள் அசைவேனா என்றன. எதிர்வீட்டு அக்கா ட்ரம்மைச் சாய்க்க ஓடி வந்தார். அத்தை தடுத்தார்.

"செத்த நேரம் இருக்கட்டும். தண்ணி நின்னுரப்போகுது. கழுத்து வரைக்கும்தான ரொம்பும்?" என்றவர், என்னிடம் குனிந்து, "ஏத்தா, தலையில எண்ண வச்சிருக்கியா?" என்று விசாரித்தார்.

தெரு மொத்தமும் வேடிக்கை பார்த்தது. அதில் என் மாணவர்களின் அம்மாக்களும் உண்டு. கயல் கூட்டத்தை விலக்கி வந்து எட்டிப் பார்த்தாள். வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"அம்மா, நானும் உள்ள வாரேன்."

போன மானம் போனதுதான், தூக்கி விடச் சொன்னேன். என் தோளில் ஏறி உட்கார்ந்து தண்ணீரை அடித்து ஊரையே நனைத்தாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அதுவரை இருந்ததே இல்லை. கடைசியில் ட்ரம்மைச் சாய்த்தபோது, அத்தை தண்ணீருக்காகத் தலையில் அடித்துக்கொள்ள, நாங்கள் சகதியில் உருண்டு சிரித்தோம்.

கயல் இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். தண்ணீர் வந்தால் எங்கள் தெருவில் யாரும் நேரே ஹோஸைப் போடுவதில்லை. ட்ரம்மைத் தட்டி, "டீச்சர், உள்ள இருக்கீகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் போடுகிறார்கள். புதிதாகக் குடிவந்தவர்களும் தட்டுகிறார்கள், ஏதோ இந்த ஊர் வழக்கமாக்கும் என்று நினைத்துக்கொண்டு.