இரண்டாம் தலைமுறை ராடும் மாமன் வராத காதும்

டர்போ கார் வைத்திருப்பவனிடம் யாரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது. பேசினால், இன்ஜினுக்குள் என்னென்ன இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்துவிடுவான். அப்படிச் சொல்லிச் சொல்லியே, என்னைக் கண்டால் தெரு மாறிப் போகிற அளவுக்குப் பாபநாசம் வட்டாரத்தில் நண்பர்களைச் சம்பாதித்தவன் நான்.

டர்போ என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. வெளியே போகிற புகையை வைத்தே ஒரு விசிறியைச் சுற்றவிட்டு, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற ஏற்பாடு. எவ்வளவு திணிக்கிறோமோ அவ்வளவு வேகம். ஆனால் அந்தத் திணிப்பை உள்ளே இருக்கிற பிஸ்டன் தாங்க வேண்டும், பிஸ்டனைப் பிடித்திருக்கிற கனெக்டிங் ராடு தாங்க வேண்டும். அந்தக் காரை வைத்திருப்பவனை அவன் வீட்டாரும் தாங்க வேண்டும்.

என் காரின் முதல் தலைமுறையைப் பற்றி இணையத்தில் பெரிய புகழ் உண்டு. கம்பெனி போட்டுக் கொடுத்த ராடே இரும்பு உலக்கை மாதிரி இருக்கும், எவ்வளவு திணித்தாலும் அசையாது என்று உலகம் முழுக்க எழுதியிருந்தார்கள். நான் திருச்சி காயலாங்கடையில் தேடி, அந்த முதல் தலைமுறையின் பிஸ்டன் ஒன்றையும் ராடு ஒன்றையும் வாங்கிவந்து, மண்ணெண்ணெயில் கழுவி, டிவிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காபிக்கு முன்னால் அதைத்தான் கையில் கொடுப்பேன். அம்மா அதன் மேல் பொட்டு வைக்காததுதான் பாக்கி.

ஒரே ஒரு சின்ன விஷயம். நான் வாங்கியிருந்தது இரண்டாம் தலைமுறைக் கார். அதுவும் பழைய கார். அதற்குள் என்ன ராடு போட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கோயம்புத்தூரில், காற்றைக் கூட்டித் திணிக்க கம்ப்யூட்டரில் மாற்றிக் கொடுக்கிற கடைக்காரர் அதையேதான் கேட்டார். நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. நாங்கள் நெல்லில் பிறந்து நெல்லில் வளர்ந்தவர்கள். விவசாய ஆபீஸில் ஒரு புது ரகம் கொடுத்தால், அது பழைய ரகத்தைவிட ஒரு மூட்டையாவது கூடக் காணும். சாயாது, பூச்சி தாங்கும். அதற்காகத்தானே புது ரகமே விடுகிறார்கள்? அதே மூளையோடு, “முதல் மாடலே அப்படின்னா ரெண்டாவது மாடல் இன்னும் கெட்டியாத்தாங்க இருக்கும்” என்றேன். அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, முதல் தலைமுறைக்கு என்ன அளவோ அதே அளவுக்குத் திணித்துக் கொடுத்தார். செலவைக் குறைக்கவும் மைலேஜைக் கூட்டவும் புது மாடலில் ராடை இளைக்க வைப்பார்கள் என்பது எந்த நாற்றங்காலில் எனக்குத் தெரியும்?

இந்த நிலையில்தான் என் தங்கச்சி செல்வியின் மகள் யாழினிக்குக் காதுகுத்து வந்தது. திருப்பனந்தாள் பக்கம் செல்வியைக் கட்டிக் கொடுத்திருந்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். அவளுக்கு இருக்கிற ஒரே தாய்மாமன் நான். (அந்தக் குழந்தையின் ஜாதகத்தில் அது எந்தக் கட்டமோ.)

செல்வியின் கல்யாணத்தன்று எங்கள் வேன் ஒரு சாலை மறியலில் மாட்டி, தாலி கட்டுகிற நேரத்துக்குத்தான் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து அவள் மாமனார் எந்த விசேஷம் வந்தாலும், பொண்ணு வீட்டுக்காரங்க வர்ற நேரத்தைத்தான் நல்ல நேரம்னு வச்சுக்கணும் என்று பத்துப் பேர் நடுவில் சொல்லிச் சிரிப்பார். செல்வி சிரிக்க மாட்டாள். காதுகுத்துக்கு முதல் நாள் போனில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“மோதிரம், தோடுல்லாம் கூட அப்புறம் பாத்துக்கலாம். நேரத்துக்கு வந்துருங்கண்ணே. இந்த ஒரு நாள் நான் பேச்சு வாங்காம இருந்தாப் போதும்.”

என்னிடம் இருக்கிற வண்டியைப் பற்றி அவளுக்குத் தெரியாது போலிருக்கிறது என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. மடையன்.

அம்மா முதல் நாளே பஸ்ஸில் போய்விட்டார். காலையில் சீர்த் தட்டுகளைப் பின்சீட்டில் அடுக்கிக்கொண்டு நானும் அப்பாவும் கிளம்பினோம். நேரம் தாராளமாக இருந்தது. கும்பகோணம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் சாலை மறியல். நான்குவழிச் சாலைக்கு நிலம் எடுக்கிறார்கள் என்று, நடவு வயலைப் பறிகொடுக்கப் போகிறவர்கள் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பஸ்கள் வரிசையாக நின்றன. அந்த ஜனங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சீர்த் தட்டைப் பார்த்ததும் அவர்களே விலகி வழிவிடத் தயாராகத்தான் இருந்தார்கள். வினை என் பக்கத்து சீட்டில் இருந்தது.

அப்பா பண்ணையில் கூலிக்கு நின்றவர். சங்கத்தில் சேர்ந்து, கொடி பிடித்து, சிறைக்குப் போய், கடைசியில் ஒரு ஏக்கர் சொச்சத்துக்குப் பட்டா வாங்கியவர். ரோட்டில் நாலு பேர் நிலத்துக்காக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், பந்தியைப் பார்த்த பசிக்காரன் மாதிரி ஆகிவிடுவார். “ஒரு வார்த்தை விசாரிச்சுட்டு வந்துர்றேன்” என்று இறங்கினார். விசாரித்தார். உட்கார்ந்தார். யாரோ மைக்கைக் கொடுத்தார்கள். கொடுத்தவன் நன்றாக இருக்கட்டும். குத்தகைச் சட்டத்தில் ஆரம்பித்தவரை நில உச்சவரம்பு வரைக்கும் யாராலும் நிறுத்த முடியவில்லை. நான் காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டிருந்தேன். செல்வி போன் செய்தாள். வந்துட்டோம், சோழபுரம் தாண்டிட்டோம் என்று பொய் சொன்னேன்.

கைதட்டலோடு அப்பா திரும்பி வந்தபோது நல்ல நேரம் முடியச் சொற்ப நேரமே இருந்தது. பரவாயில்லை, எதற்காக இந்தக் கார் வாங்கினோம் என்று மிதித்தேன். அந்தச் சில நிமிடங்கள் என் வாழ்க்கையின் உன்னதமான நிமிடங்கள். மரமெல்லாம் பின்னால் ஓடியது. அப்பா தாம்பூலத் தட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். “ராடு கெட்டிப்பா, ஒண்ணும் ஆகாது” என்று அவரைத் தேற்றினேன்.

டமார் என்று ஒரு சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. வண்டி தானாக உருண்டு, இரண்டு பக்கமும் வயலாக இருந்த இடத்தில் நின்றது. பின்னால் ரோடெல்லாம் ஆயில். இறங்கிக் குனிந்து பார்த்தேன். இன்ஜினின் வயிற்றில் கை நுழைகிற ஓட்டை. கொஞ்சம் தள்ளி, தாரில், கோணிக்கொண்டு இரண்டாகப் போன ஒரு ராடு கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். என் டிவிக்குப் பக்கத்தில் இருந்ததில் பாதிப் பருமன்கூட இல்லை. இரண்டு தலைமுறைகளின் உள்ளுறுப்புகளையும் அன்றுதான் நான் முழுமையாக ஒப்பிட்டு முடித்தேன்.

அப்பா அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “உள்ள இருக்க வேண்டியது ரோட்டுல கெடக்கலாமாடா?” என்றார். நியாயமான கேள்விதான்.

போனில் சிக்னல் இல்லை, பஸ்ஸும் வரவில்லை. எப்படி வரும், எல்லா பஸ்ஸும் மறியலில் நிற்கிறது. அந்த மறியலுக்குத் தெம்பு கொடுத்துவிட்டு வந்தவர் என் பக்கத்தில் நிற்கிறார். எதிரே வந்த ஒன்றிரண்டு பைக்குகளும் கும்பகோணம் பக்கம் போயின. தட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்ல நேரம் முடிந்து வெகு நேரம் கழித்து, குறுக்குப் பாதையிலிருந்து ஏறிய ஒரு வைக்கோல் டிராக்டர் எங்களை ஏற்றிக்கொண்டது. அது வழியில் எங்களோடு சேர்ந்துகொண்ட ஒரு நாயைக்கூட முந்தவில்லை.

நாங்கள் போய் இறங்கியபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடந்ததை அம்மாதான் சொன்னார். நல்ல நேரம் போகிறதே என்று மாமனார், மாமன் முறைக்கு யாராவது உட்காருங்கப்பா என்றிருக்கிறார். யாரோ ஒரு தூரத்து ஒன்றுவிட்ட மாமன், மொய் எழுதிவிட்டுக் கிளம்ப இருந்தவர், உட்கார்ந்திருக்கிறார். என் போன் கிடைக்குமா என்று வாசலில் நின்று முயன்றுகொண்டிருந்த செல்வி, குழந்தை அலறியதைக் கேட்டு ஓடிவந்திருக்கிறாள். வலது காதைக் குத்தி முடித்து ஆசாரி இடது காதுக்குத் திரும்பிவிட்டார். செல்வி குழந்தையை அந்த மாமன் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தவள்தான். மாமனார் கத்தியிருக்கிறார். மாப்பிள்ளை கெஞ்சியிருக்கிறார். ஒற்றைக் காதோடு விட்டால் குழந்தைக்கு ஆகாது என்று ஊரே சொல்லியிருக்கிறது. அவள் எழுந்திருக்கவில்லை. சாப்பிடவும் இல்லை.

நான் அவள் எதிரே போய் நின்றேன். சட்டையெல்லாம் ஆயில், தலையெல்லாம் வைக்கோல். மாமனார் வாயைத் திறந்தார், என் கோலத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். செல்வி நன்றாக நாலு திட்டு திட்டியிருந்தால் எனக்கு உயிர் வந்திருக்கும். அவள் என் தலையிலிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

“உங்களுக்குன்னு ஒரு காத வச்சிருக்கேன். உக்காருங்கண்ணே” என்றாள்.

சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஆசாரியை மறுபடி கூட்டிவந்தார்கள். ஆயில் வேட்டியில் பட்டுப்பாவாடை வீணாகிறதே என்று யாரோ சொன்னதைச் செல்வி காதிலேயே வாங்கவில்லை. குழந்தை அழுததைவிட மாமன் அதிகமாக அழுதான் என்று இன்றைக்கும் அங்கே சொல்கிறார்கள். உண்மைதான்.

காரை எடைக்குப் போட்டேன். யாழினி இப்போது பிளஸ் டூ முடித்துவிட்டாள். அவள் வலது காதுக்கு இரண்டு வீட்டிலும் ‘மாமன் வராத காது’ என்றுதான் பெயர். சின்ன வயதில் சொன்ன வேலையை அவள் செய்யாவிட்டால், செல்வியிடம், “அந்தக் காதுல சொன்னியா? அது கேக்காதே, இந்தப் பக்கம் வந்து சொல்லு” என்பார் அவள் தாத்தா, அதே மாமனார்தான். அவளும் பிடிக்காத பேச்சு வந்தால் வலது காதைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

போன வாரம் வந்திருந்தாள். ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் சேரப் போகிறாளாம். வேண்டாம்மா, அக்ரி படி, பி.காம் படி, எதையாவது படி, இன்ஜினுக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொள்ளாதே என்று ஒரு மணி நேரம் மன்றாடினேன். அவள் பொறுமையாகத் தலையைத் திருப்பி, கம்மலை ஓரமாக ஒதுக்கி, வலது காதை என் பக்கம் நீட்டினாள்.

“இதுல சொல்லுங்க மாமா” என்றாள்.